நாற்பது பன்றிகளும் ஒரு கோபுரமும்

1215 நவம்பர் 25. இங்கிலாந்து மன்னர் ஜான், தன் தலைமை ஆட்சி அதிகாரி ஹ்யூபர்ட் டி பர்க்குக்கு அவசரமாக ஒரு கடிதம் அனுப்புகிறார். அதில் கேட்டிருந்தது 40 பன்றிகள். நன்றாகக் கொழுத்ததாக இருக்க வேண்டும், ஆனால் சாப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாததாகப் பார்த்து அனுப்பு, ராத்திரி பகல் பார்க்காதே, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்ட வேண்டும் என்று காரணமும் எழுதியிருந்தது.

அந்தக் கோபுரம் ரோச்செஸ்டர் கோட்டையின் நடுக்கோபுரம். உள்ளே கிளர்ச்சி செய்த பிரபுக்களின் ஆட்கள், வெளியே ஜான்; ஆறு வாரமாக முற்றுகை நடக்கிறது. அந்த நிலையிலும் நல்ல பன்றியை வீணாக்க மன்னருக்கு மனசு வரவில்லை பாருங்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்த இடமே அதுதான். கோட்டை என்றால் வாளும் கொடியும் நினைவுக்கு வருகிற நமக்கு, அந்தக் காலத்துக் கணக்கு ஏடுகள் காட்டுவது வேறு: மதிலுக்கு உள்ளே இருந்தவருக்கும் சரி, வெளியே இருந்தவருக்கும் சரி, தினமும் காலையில் வருகிற முதல் கவலை உக்கிராண அறையைப் பற்றியது.

ரோச்செஸ்டர் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் மாவட்டத்தில். லண்டனிலிருந்து டோவர் துறைமுகத்துக்குப் போகும் பழைய ரோமானியச் சாலை மெட்வே ஆற்றைத் தாண்டும் இடம் அது. பாலம் யார் கையிலோ, பிரான்ஸிலிருந்து வருகிற சாலையும் அவர் கையில். 1080களின் கடைசியில் ரோச்செஸ்டர் பிஷப் குண்டல்ஃப் இங்கே கல் மதில் எழுப்பினார். 60 பவுண்டு செலவு. கட்டடக் கலை தெரிந்த பாதிரியார் அவர், லண்டனின் வெள்ளைக் கோபுர வேலையையும் பார்த்துக்கொண்டவர். நடுக்கோபுரம் பிறகு வந்தது. முதலாம் ஹென்றி மன்னர் 1127இல் கோட்டையைக் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கார்பேயிடம் ஒப்படைக்க, பேராயர் அதைக் கட்டத் தொடங்கினார். மூலைச் சிகரங்களோடு சேர்த்து சுமார் 38 மீட்டர் உயரம். கீழ்ப்பகுதியில் சுவரின் கனம் மட்டும் மூன்றரை மீட்டர் அளவுக்கு வரும்.

இதற்குள் எப்படி வாழ்ந்தார்கள்? முதலில், தரைமட்டத்தில் வாசலே கிடையாது. பக்கவாட்டுப் படியில் ஏறி, இழுபாலத்தைக் கடந்து, ஒட்டுக் கட்டடம் ஒன்றின் வழியாக முதல் மாடியில்தான் நுழைய முடியும். அடித்தளம் முழுக்கக் கிடங்கு. தானியம், உப்புக்கண்டம், பீப்பாய் எல்லாம் அங்கே. கோபுரத்தை இரண்டு பாதியாகப் பிரிக்கிற ஒரு குறுக்குச் சுவர் அடியிலிருந்து உச்சி வரை போகிறது. அந்தச் சுவருக்கு உள்ளேயே கிணறு. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள், வாளியை விட்டு நீர் இறைத்துக்கொள்ளலாம். மேல் மாடியில் இருப்பவர் தண்ணீருக்காகக் கீழே இறங்கத் தேவையில்லை. குளிர் காய அடுப்புகள் சுவரிலேயே குடையப்பட்டவை, புகை சுவர் வழியாக வெளியே போய்விடும். கழிவறைகளும் சுவர்க் கனத்துக்குள்தான்.

மேலே போகப்போக ஜன்னல் பெரிதாகும். எதிரியின் ஏணி எட்டாத உயரத்தில் வெளிச்சத்தைத் தைரியமாக உள்ளே விடலாம் அல்லவா. இரண்டு மாடி உயரத்தில் பெரிய கூடம், சுவருக்குள்ளேயே அதைச் சுற்றி வரும் நடைபாதை, சிற்றாலயம். விருந்தாளியை மலைக்க வைக்க வேண்டும் என்கிற எண்ணம் இல்லாமல் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான நாட்களில் இந்தக் கூடம் காலியாகக் கிடந்தது. அன்றைய பிரபுவுக்குப் பல ஊரில் நிலம், பல ஊரில் வீடு. விளைச்சலை ஓரிடத்துக்கு வண்டியில் இழுத்து வருவதைவிட, குடும்பத்தோடு விளைச்சல் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்ப்பது சுலபம். அதனால் கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் போன பிறகு கோட்டையில் மிஞ்சுவது ஒரு கோட்டைத் தலைவரும் சில காவலாட்களும்தான்.

காவலுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வேல்ஸ் நாட்டைப் பிடித்த பிறகு முதலாம் எட்வர்ட் 1284இல் கான்வி கோட்டைக்கு ஒதுக்கிய காவல் படை 30 பேர். அதில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். ஒரு பாதிரியார், ஒரு கருமார், ஒரு தச்சர், ஒரு கொத்தனார், ஆயுதம் பழுது பார்க்க ஒருவர். மிச்சம் பேர் வாயிற்காப்போரும் இரவுக் காவலரும். எட்டுப் பெரிய கோபுரங்கள் உள்ள அந்தக் கோட்டைக்கு, நாள் கணக்கில் பார்த்தால், வில்லாளியைவிடக் கூரை ஒழுகலை அடைக்கிறவர்தான் அதிகம் வேலை செய்திருப்பார்.

சரி, 30 பேர் போதுமா? கதவு மூடியிருந்தால் போதும். ஜான் மன்னர் கட்டிய ஓடியம் கோட்டையை 1216இல் பிரெஞ்சு இளவரசர் லூயி முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தது 13 பேர். பல நாள் தாக்குப் பிடித்தார்கள். கடைசியில் குதிரையோடும் ஆயுதத்தோடும் கௌரவமாக வெளியே வந்தார்கள்; மொத்தமே இவ்வளவு பேர்தானா என்று பிரெஞ்சுக்காரர்கள் வியந்துபோனார்களாம். கதவு திறந்திருந்தால் கதை வேறு. 1401 பெரிய வெள்ளியன்று கான்வியின் காவலாட்கள் ஊர்த் தேவாலயத்துக்கு வழிபாட்டுக்குப் போன நேரம் பார்த்து, வேலைக்கு வந்த தச்சர் மாதிரி நடித்து உள்ளே நுழைந்து கோட்டையையே பிடித்துவிட்டார்கள் ரீஸ், க்விலிம் என்ற டியூடர் சகோதரர்களின் ஆட்கள். மதிலில் ஒரு கல்கூட அசையவில்லை.

பிரபு குடும்பம் வந்து தங்கியிருக்கும் மாதங்களில் ஒரு கோட்டை எப்படி இயங்கியது என்பதற்கு அருமையான ஆவணம் ஒன்று இருக்கிறது. லெஸ்டர் கோமாட்டி எலினோரின் 1265ஆம் ஆண்டு வீட்டுக் கணக்குச் சுருள். இந்த எலினோர் வேறு யாரும் இல்லை, பன்றி கேட்டுக் கடிதம் எழுதிய அதே ஜானின் கடைசி மகள். முற்றுகை நடந்த 1215ஐ ஒட்டித்தான் பிறந்தார். அவர் கணவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட், எலினோரின் அண்ணனான மன்னர் மூன்றாம் ஹென்றியையே சிறைவைத்து நாட்டை ஆண்ட பிரபு.

சுருளில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பதிவு. இன்று யார் வந்தார்கள், பிறகு நான்கு துறைச் செலவு: ரொட்டிக்கான தானியம், குடிவகை, சமையலறை, லாயம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்திக் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அதே வேலைதான், என்ன, வருஷம் முழுக்க. பிப்ரவரியில் கணக்கு தொடங்குகிறது, முதல் சில மாதம் பெரும்பாலும் ஓடியம் கோட்டையில். தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. ஹெர்ரிங் மீன் நாளுக்கு நூற்றுக்கணக்கில் தீர்கிறது. ஈஸ்டர் வந்ததும் முட்டை ஆயிரக்கணக்கில். ரொட்டியும் பீரும் தினப்படி, ஒயின் பெரியவர்களுக்கு. மிளகு, இஞ்சி, குங்குமப்பூ போன்றவை விலை கொடுத்து வாங்கிப் பூட்டி வைக்கிற பொருட்கள். அந்த மிளகு நம் மேற்குக் கரையில் கப்பலேறி, செங்கடல் கடந்து, எகிப்து வழியாக இங்கிலாந்துக் கோட்டை ஒன்றின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

லாயக் கணக்குதான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது. கோமாட்டி மட்டும் இருக்கும்போது சில பத்துக் குதிரைகள். மார்ச்சில் கணவர் பரிவாரத்தோடு வந்து இறங்கிய நாளில் முந்நூறைத் தாண்டிவிடுகிறது. முந்நூறு குதிரைக்கு ஒரு ராத்திரியில் வைக்கோலும் ஓட்ஸும் தேட வேண்டிய லாயப் பொறுப்பாளர் என்ன பாடு பட்டாரோ. அப்புறம் தூதர்கள். ஸ்லிங்கவே, ட்ரூபாடி என்றெல்லாம் பட்டப்பெயரோடு ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழைகளுக்கு அன்னமிட்ட செலவும் பதிவாகியிருக்கிறது.

ஜூன் மாதம் கணக்கின் வாடை மாறுகிறது. அரசியல் கெடுகிறது. எலினோர் ஓடியத்தை விட்டுக் கடற்கரை ஓரமாக டோவர் கோட்டைக்கு விரைகிறார். ஆகஸ்ட் 4, ஈவ்ஷாம் போரில் கணவரும் மூத்த மகனும் கொல்லப்படுகிறார்கள். சுருளில் துக்கத் துணிக்கான செலவு வருகிறது. அந்த நாட்களிலும் ரொட்டி, குடிவகை, சமையலறை, லாயம் என்று நான்கு துறையும் வரிசை தவறாமல் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தருக்கு அதுதானே வேலை. ஆகஸ்ட் கடைசியோடு சுருள் நின்றுவிடுகிறது. அக்டோபரில் இளவரசர் எட்வர்டிடம் டோவர் பணிந்தது. எலினோர் பிரான்ஸுக்குப் போய் மான்டார்ஜி கன்னியர் மடத்தில் 1275இல் இறந்தார். அவரோடு போன சுருள் அங்கேயே கிடந்து, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வெளியே வந்தது.

இப்போது ரோச்செஸ்டருக்குத் திரும்புவோம். 1215 ஜூனில், தன்னை எதிர்த்து நின்ற பிரபுக்கள் கேட்ட மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்கு ஜான் சம்மதித்தார். சில மாதத்திலேயே அது கிழிந்துபோனது. பிரபுக்கள் பிரான்ஸிலிருந்து உதவி எதிர்பார்த்தார்கள், ஜானோ வெளிநாட்டுக் கூலிப்படையை வரவழைத்தார். அக்டோபரில் கிளர்ச்சிக்காரர்கள் சார்பாக வில்லியம் டோபினி ரோச்செஸ்டர் கோட்டைக்குள் புகுந்தார். சாசனத்தைக் காக்க நியமிக்கப்பட்ட 25 பிரபுக்களில் அவர் ஒருவர். கூட வந்த நைட் எனப்படும் உயர்குடிக் குதிரை வீரர்கள் நூறு பேரைச் சுற்றி இருக்கலாம், அது தவிரச் சாதாரண வீரர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கிடங்கு காலி. ஊருக்குள் ஓடிக் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் ஓரிரு நாள்தான் கிடைத்தது. அக்டோபர் 13ஆம் தேதி ஜான் வந்துவிட்டார்.

மறுநாளே ஜான் எழுதிய ஒரு உத்தரவு மிஞ்சியிருக்கிறது. கேன்டர்பரி அதிகாரிகளுக்கு: ஊரில் உள்ள கொல்லர்கள் எல்லாரும் வேறு வேலையை நிறுத்திவிட்டு இரவு பகலாகக் குந்தாலி அடிக்கட்டும், அடித்ததை ரோச்செஸ்டருக்கு அனுப்புங்கள். ஆக, தோண்டித்தான் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்.

ஐந்து கல்லெறி பொறிகளும் இரவு பகலாக வேலை செய்தன. குறுக்குவில்லும் வில்லும் ஓயவில்லை. ஆனால் மூன்றரை மீட்டர் கனச் சுவரைக் கல்லால் அடித்து என்ன ஆகும்? உள்ளே இருப்பவர்களைத் தூங்க விடாமல் செய்யலாம், அவ்வளவுதான். லண்டனிலிருந்து மீட்புக்குப் புறப்பட்ட பிரபுக்களின் படை டார்ட்ஃபோர்ட் வரை வந்து, அதற்கு மேல் வராமல் திரும்பிவிட்டது. ஜானின் ஆட்கள் பக்கத்துத் தேவாலயத்தையே குதிரை லாயமாக்கிக்கொண்டார்கள்.

சுரங்க முறை எளிமையானது, பயங்கரமானது. பாதுகாப்பான இடத்திலிருந்து பள்ளம் தொடங்கி அடித்தளத்துக்குக் கீழே வரை தோண்டிப் போவார்கள். தோண்டத் தோண்ட மேலே உள்ள பாரத்தைத் தாங்க மரத்தூண் நிறுத்திக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் தோண்டுகிறவர் தலையிலேயே கோட்டை விழும். கடைசியில் விறகையும் சுள்ளியையும் திணித்துத் தீ வைப்பார்கள். தூண்கள் எரிந்து விழ, மேலே நிற்கும் சுவர் உட்காரும். காற்றோட்டம் இல்லாத ஈரமான சுரங்கத்தில், நவம்பர் மாதத்தில், பருத்த மரத்தூண்களை எரிய வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்குத்தான் பன்றிக் கொழுப்பு. பன்றிகளை உயிரோடு சுரங்கத்துக்குள் விரட்டிக் கொளுத்தினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது தேவையே இல்லாத வேலை, உருக்கிய கொழுப்பு போதும்.

முதலில் வெளிமதில் போனது. அடுத்து நடுக்கோபுரத்தின் தென்கிழக்கு மூலை அப்படியே சரிந்தது. வேறு எந்தக் கட்டடமாக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. முன்னே சொன்ன குறுக்குச் சுவர் நினைவிருக்கிறதா? உயிரோடு இருந்தவர்கள் அதற்குப் பின்னால் மறுபாதிக்கு நகர்ந்துகொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். கிணறும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

தண்ணீர் இருந்தது, சோறு இல்லை. குதிரைகளைத் தின்றார்கள். நைட் வீரருக்குப் போர்க்குதிரை என்பது ஒரு சொத்து, தன் அந்தஸ்தும் கூட. குதிரைக் கறியும் பச்சைத் தண்ணீரும், விலையுயர்ந்த உணவு உண்டு வளர்ந்தவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது என்று அந்தக் காலத்து மடத்து ஏடு ஒன்று குறிப்பிடுகிறது. அனுதாபமா நக்கலா தெரியவில்லை, எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. பிறகு, சண்டைக்கு உதவாதவர்களை வெளியே அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் சிலருக்கு ஜான் கைகால்களை வெட்டினார் என்று அதே ஏடு சொல்கிறது.

வாய்களைக் குறைப்பது முற்றுகையில் வழக்கமான கணக்கு, ஜானின் ஆட்களே செய்ததுதான். 1203-04 குளிர்காலத்தில், நார்மண்டியில் ஜானுக்குச் சொந்தமான ஷாத்தோ கையார் கோட்டையைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப் முற்றுகையிட்டபோது, கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி அங்கே அடைக்கலம் புகுந்த ஊர் மக்களை வெளியேற்றினார். முதலில் போனவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் போக விட்டார்கள். கடைசியாக வந்தவர்களை விடவில்லை. கோட்டைக் கதவும் திறக்கவில்லை. மதிலுக்கும் எதிரிப் படைக்கும் நடுவே, குளிரில், பட்டினியில் எத்தனையோ பேர் செத்தார்கள். வெளியே நிற்பவர் விடாததற்கும் காரணம் உண்டு: உள்ளே சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் முற்றுகையை ஒரு நாள் சுருக்கும்.

நவம்பர் 30ஆம் தேதி ரோச்செஸ்டர் பணிந்தது. எல்லாரையும் தூக்கில் போட வேண்டும் என்றார் ஜான். அவருடைய படைத்தலைவர்களில் ஒருவரான சவாரிக் டி மொலியோன் தடுத்தார். போர் இன்னும் முடியவில்லை, நாளைக்கு நாம் பிடிபட்டால் நமக்கும் இதே கயிறுதான் என்பது அவர் வாதம். பிரபுக்கள் சிறைக்குப் போனார்கள். டோபினி கார்ஃப் கோட்டைக்கு. அந்த மடத்து ஏட்டின்படி தூக்கில் தொங்கியது ஒரே ஒருவர், சிறு வயது முதல் ஜான் வளர்த்த ஒரு குறுக்குவில்காரர். பணயத்தொகை தர ஆள் உள்ளவர் உயிர் பிழைப்பார் என்பது அன்றைய போரின் எழுதாத விதி. ஏழு வாரம் இவ்வளவு கடுமையாக நடந்த முற்றுகையை நம் காலம் கண்டதில்லை, இனிக் கோட்டையை நம்புகிறவர் குறைவு என்ற பொருளில் ஏட்டுக்காரர் எழுதி முடிக்கிறார்.

அவர் சொன்னது நடக்கவில்லை. கோட்டைகள் இன்னும் சில நூறு வருஷம் கட்டப்பட்டன, வடிவம் மட்டும் மாறியது. சதுரக் கோபுரத்தின் மூலைதான் சுரங்கம் தோண்டுகிறவருக்கு வசதி. இரண்டு சுவரும் அந்த ஒரு முனையை நம்பி நிற்பதால், அதை எடுத்தால் இரண்டும் போகும். மேலிருந்து பார்க்கும் வில்லாளிக்கும் மூலைக்கு அடியில் நிற்பவர் கண்ணுக்குப் படமாட்டார். வட்டக் கோபுரத்தில் இரண்டு குறையும் குறைவு. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் ரோச்செஸ்டரைச் செப்பனிட்டபோது, இடிந்த மூலையை வட்டமாகவே கட்டினார்கள். இன்றும் போய்ப் பார்த்தால் மூன்று மூலை சதுரம், ஒன்று மட்டும் உருண்டை. பன்றிக் கொழுப்பு வேலை செய்த இடம் அதுதான்.

ரோச்செஸ்டர் கண்டது ஒரு முற்றுகை மட்டும் இல்லை. முதலாவது 1088இல், நடுக்கோபுரம் கட்டும் முன்பே. பேயூ பிஷப் ஓடோ மன்னர் வில்லியம் ரூஃபஸுக்கு எதிராக உள்ளே உட்கார்ந்துகொண்டார். அந்தச் சண்டையை எழுதிய ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி, ஈக்களைப் பற்றி எழுதுகிறார். வெயிலில் நெருக்கியடித்துக் கிடந்த மனிதரும் குதிரையும் சாணமுமாக ஈ அப்படி மொய்த்ததாம். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் ஈ ஓட்ட வேண்டியிருந்ததாம். நோய் பரவியது, கோட்டை பணிந்தது.

மூன்றாவது 1264 ஏப்ரலில். வந்தவர் எலினோரின் கணவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட். தீ வைத்த படகை மெட்வே ஆற்றில் விட்டுப் பாலத்தை எரித்து ஊருக்குள் புகுந்தார். வெளிக்கோட்டை விழுந்தது. மாமனார் இடித்த, மைத்துனர் கட்டிய நடுக்கோபுரம் மட்டும் ஒரு வாரம் அசையவில்லை. மன்னர் படையோடு வருகிறார் என்று செய்தி வந்ததும் சைமன் முற்றுகையைக் கைவிட்டுக் கிளம்பினார். சுற்றுக் கட்டடங்கள் அப்படியே பாழடைந்து கிடந்தன. மராமத்து நடக்க அடுத்த நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்ட் வர வேண்டியிருந்தது.

அதற்குள் கோட்டைக் காவல் என்பதே பணமாக மாறிவிட்டது. நிலம் பெற்றதற்குக் கைமாறாக நைட் வீரர்கள் வருஷத்தில் சில நாள் ரோச்செஸ்டரில் காவல் இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. நேரில் வந்து குளிரில் நிற்பதற்குப் பதில் காசு கட்டிவிடலாம் என்று ஆனது. கோட்டைக்குக் காவலே தேவைப்படாத 18ஆம் நூற்றாண்டிலும் அந்த வரி மட்டும் நிற்கவில்லை. புனித அந்திரேயா திருநாளில் வரி வாங்குகிறவர் வீட்டு முகப்பில் ஒரு கொடி தொங்கும். அன்றைக்குக் கட்டாதவருக்கு, மெட்வே ஆற்றில் கடல் ஓதம் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பாக்கி இரட்டிப்பாகும் என்பது சட்டம். அந்தத் திருநாள் நவம்பர் 30, டோபினி குதிரைக் கறியும் தீர்ந்து வெளியே வந்த அதே தேதி.